மணலுக்குள் புதைந்து போகும் முதல்: மீன் தொட்டிக்குக் கையால் செய்யும் உறிஞ்சி

வளர்ப்பு மீன் வியாபாரம் எம்மவர்கள் பலருக்குச் சிறு முதலோடு ஆரம்பிக்கக்கூடிய தொழிலாக இருந்து வருகின்றது. பத்துத் தொட்டிகள், ஒரு காற்றுப் பம்பி, கொஞ்சம் தீன், வீதியோரம் ஒரு சிறு கடை. இவை இருந்தால் போதும் என்று எண்ணித் தொழிலில் இறங்குகின்றார்கள். இலங்கையில் இருந்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் நன்னீர் அலங்கார மீன்களில் கப்பி இனமே முன்னிற்கின்றது என்பதும், நக்டா என்றழைக்கப்படும் தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபை இத்துறையில் பயிற்சிகளை வழங்கி வருகின்றது என்பதும் பலர் அறிந்த விடயங்கள். ஆனால் கடை திறந்து ஆறு மாதத்திற்குள் தொட்டிகளை விற்றுவிட்டுப் போகின்றவர்களின் தொகையும் குறைவானதல்ல. அவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "மீன் நிற்குதில்ல."

பல வருடங்களாக மீனும் மீன் தொட்டிச் சாமான்களும் விற்பவன் என்ற வகையில் இந்தப் பதிலுக்குப் பின்னால் உள்ள கணக்கை இங்கு எழுதுகின்றேன். மீன் நிற்காமல் போவதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் மிகவும் மலிவாகத் தீர்க்கக்கூடியதும், அதிகமானோர் கவனிக்காததும் தொட்டியின் அடியில் கிடக்கும் மணல். அதைச் சுத்தம் செய்யும் உறிஞ்சி ஒன்றை வீட்டிலேயே எவ்வாறு செய்வது, அது ஏன் வேலை செய்கின்றது, அதையே ஒரு சிறு விற்பனைப் பொருளாக மாற்றினால் கணக்கு எப்படி வரும் என்பன பற்றித்தான் இந்த வாரம் பார்க்கப் போகின்றோம்.

மணலுக்குள் என்ன நடக்கின்றது?

மீன் தின்னாமல் விட்ட தீன், மீனின் கழிவு, அழுகிய இலை ஆகிய மூன்றும் மணல் இடுக்குகளுக்குள் இறங்குகின்றன. அங்கே அவை அழுகும்போது அமோனியா உண்டாகின்றது. இதைத் தவிர மீன் தன் செவுள் வழியாகவும் அமோனியாவை வெளியேற்றிக் கொண்டே இருக்கின்றது. மணலிலும் பில்டரிலும் குடியிருக்கும் நல்ல பக்டீரியாக்கள் அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது ஓரளவு வரை தாங்கக்கூடியது. தண்ணீர் மாற்றுவதன் மூலம் அதைக் குறைக்கலாம்.

பக்டீரியாக்கள் கையாளக்கூடிய அளவை விடக் கழிவு கூடும்போதுதான் பிரச்சினை ஆரம்பமாகின்றது. அழுகல் என்பது ஒட்சிசனையும் தின்கின்ற ஒரு வேலை. மணலில் கழிவு கூடக் கூட மீனுக்குக் கிடைக்க வேண்டிய ஒட்சிசன் குறைகின்றது. காற்றுப் பம்பி ஓடிக்கொண்டிருக்கும் வரை இது தெரியாது. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாட்களை நினைத்துப் பாருங்கள். பம்பி நின்ற தொட்டிகளில் முதலில் மூச்சுத் திணறியவை அடியில் குப்பை சேர்ந்திருந்த தொட்டிகளின் மீன்களே. ஒரே இன மீன், ஒரே தொகை, ஒரே கடை. மணல் சுத்தமாக இருந்த தொட்டி மட்டும் சில மணித்தியாலங்கள் கூடுதலாகத் தாக்குப் பிடித்ததை நான் என் கடையிலேயே பார்த்தேன்.

இன்னுமொரு விடயத்தையும் கவனத்திற் கொள்ள வேண்டும். அமோனியாவின் நச்சுத்தன்மை தண்ணீரின் பி.எச். பெறுமானத்தைப் பொறுத்தது. 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் பி.எச். 7 ஆக உள்ள தண்ணீரில் மொத்த அமோனியாவில் ஏறத்தாழ 0.6 வீதமே நச்சு வடிவத்தில் இருக்கும். அதே தண்ணீர் பி.எச். 8 ஆக இருந்தால் அது ஏறத்தாழ 5 வீதமாகின்றது. அதாவது கிட்டத்தட்ட பத்து மடங்கு. வெப்பநிலை கூடினால் இதுவும் கூடும். யாழ்ப்பாணம், புத்தளம் போன்ற சுண்ணாம்புக் கல் நிலங்களின் கிணற்று நீர் பொதுவாகக் காரத்தன்மை கொண்டது. அத்தகைய இடங்களில் கடை வைத்திருப்போர், மலைநாட்டில் உள்ளவரை விட மணலின் விடயத்தில் அதிக கவனமாக இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

மேலே கண்ணாடி, கீழே கறுப்பு

வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்து, கொண்டு வந்த பணத்தில் கிழக்கில் ஒரு சிறு நகரத்தில் மீன் கடை போட்ட சகோதரர் ஒருவர் சில வருடங்களுக்கு முன்னர் என்னை அழைத்தார். மூன்று வாரத்தில் கொண்டு வந்த மீனில் பாதிக்கு மேல் செத்துவிட்டதாகவும், வாங்கிச் சென்ற வாடிக்கையாளர்களும் முறைப்பாட்டோடு வருவதாகவும் சொன்னார். தொழிலை விட்டுவிட்டு மீண்டும் விசா எடுப்பது பற்றி வீட்டில் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

"நானா, மீன் அனுப்புறவர் நோய் மீனைத்தான் அனுப்புறார் போல. நம்மட தண்ணியைப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார்.

தண்ணீர் உண்மையில் கண்ணாடி போலத்தான் இருந்தது. மெல்லிய ஆற்று மணலை நான்கு அங்குல உயரத்திற்குப் போட்டிருந்தார். ஒரு தடியை எடுத்து ஒரு மூலையில் மெதுவாக அடி வரை இறக்கினேன். கறுப்பு நிறத்தில் புகை போல ஒன்று எழுந்தது. குமிழிகள் மேலே வந்து உடைந்தபோது கெட்ட முட்டை நாற்றம் வந்தது. அது ஐதரசன் சல்பைட்டு. காற்றுப் புகாமல் ஆழத்தில் அழுகும் கழிவில் இருந்து வருவது. மீனுக்குக் கொடிய நஞ்சு.

"தண்ணியை எப்படி மாத்துறீங்க?" என்று கேட்டேன்.

"மேலால கோப்பையால அள்ளி ஊத்துவேன் நானா. மணலைக் கிளறினா தண்ணி கலங்கிடும், ஆக்கள் வாங்க மாட்டாங்க" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு வியாபாரியின் நியாயம் இருக்கின்றது. கலங்கிய தொட்டியில் இருந்து எவரும் மீன் வாங்க மாட்டார்கள். ஆனால் மேலால் அள்ளும்போது தண்ணீர் போகின்றது, குப்பை அப்படியே இருக்கின்றது. மணலைக் கலங்காமல் அதனுள் உள்ள குப்பையை மட்டும் வெளியே எடுப்பதற்கு ஒரு வழி வேண்டும். அதற்கான பொருள் கடைகளில் இருக்கத்தான் செய்கின்றது. ஆனால் அது இறக்குமதிப் பொருள். 2020இல் ஆரம்பித்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், 2022இல் டொலர் ஒன்று 200 ரூபாவில் இருந்து 360 ரூபா வரை ஏறியதும் இத்தகைய சாமான்களின் விலையை எந்த அளவுக்கு உயர்த்தின என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அன்று பின்னேரம் அவருடைய கடையிலேயே, வெற்று சோடா போத்தல் ஒன்றிலும் பக்கத்து ஹார்ட்வெயார் கடையில் வாங்கிய இரண்டு மீற்றர் குழாயிலும் ஒன்றைச் செய்து கொடுத்தேன்.

இது எப்படி வேலை செய்கின்றது?

செய்முறைக்கு முன்னர் அதன் தத்துவத்தை விளங்கிக் கொள்வது நல்லது. விளங்கினால் எந்த அளவுத் தொட்டிக்கும் எந்த மணலுக்கும் ஏற்ற மாதிரி நீங்களே மாற்றிச் செய்யலாம்.

தொட்டியின் நீர் மட்டத்தை விடத் தாழ்வான இடத்தில் குழாயின் மறுமுனை இருந்தால், ஒரு முறை தண்ணீர் நிரம்பிய பின் அது தானாகவே ஓடும். இதைத்தான் சைபன் என்கின்றோம். மின்சாரம் தேவையில்லை. குழாயின் மறுமுனை எவ்வளவு தாழ்வாக இருக்கின்றதோ அவ்வளவு வேகமாக ஓடும். ஆனால் வேகத்தை இரண்டு மடங்காக்குவதற்கு உயர வித்தியாசத்தை நான்கு மடங்காக்க வேண்டும்.

உள்விட்டம் 12 மில்லிமீற்றர் உள்ள குழாய் ஒன்றில், உயர வித்தியாசம் 60 சென்ரிமீற்றராக இருக்கும்போது, நிமிடத்திற்கு ஏறத்தாழ 9 லீற்றர் தண்ணீர் ஓடும். குழாய்க்குள் தண்ணீரின் வேகம் விநாடிக்கு ஒரு மீற்றருக்கும் மேல். இந்த வேகத்தில் குழாயை நேராக மணலுக்குள் வைத்தால் மணல் முழுவதும் வாளிக்குள் போய்விடும். அதனால்தான் குழாயின் முனையில் ஓர் அகன்ற பகுதி தேவைப்படுகின்றது. தண்ணீர் அகன்ற இடத்தில் மெதுவாகவும் ஒடுங்கிய இடத்தில் வேகமாகவும் ஓடும். விட்டம் இரண்டு மடங்கானால் வேகம் நான்கில் ஒன்றாகக் குறையும்.

மேற்சொன்ன அதே குழாயோடு வெவ்வேறு முனைகளைப் பொருத்தினால் முனைக்குள் தண்ணீர் மேலேறும் வேகம் ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

4 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாய்த் துண்டு: விநாடிக்கு 12 சென்ரிமீற்றர்.
500 மில்லிலீற்றர் சோடா போத்தல் (விட்டம் சுமார் 6.5 சென்ரிமீற்றர்): விநாடிக்கு 4.5 சென்ரிமீற்றர்.
ஒன்றரை லீற்றர் போத்தல் (விட்டம் சுமார் 9 சென்ரிமீற்றர்): விநாடிக்கு 2.5 சென்ரிமீற்றர்.

இப்போது மணலைப் பாருங்கள். அரை மில்லிமீற்றர் பருமனுள்ள மணல், தண்ணீரில் விநாடிக்கு 7 சென்ரிமீற்றர் அளவு வேகத்தில் கீழே விழும். ஒரு மில்லிமீற்றர் மணல் அதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் விழும். மீன் கழிவும் ஊறிய தீனும் பாரம் குறைந்தவை. அவை பெரும்பாலும் விநாடிக்கு ஓரிரு சென்ரிமீற்றர்தான் இறங்கும். ஆகவே 4.5 சென்ரிமீற்றர் வேகத்தில் மேலேறும் தண்ணீர் கழிவைத் தூக்கிச் செல்லும். மணல் போத்தலுக்குள் சுழன்று மீண்டும் கீழே விழும். அரிசி கழுவும்போது உமி மிதந்து போக அரிசி சட்டியில் தங்குவதைப் போன்றதுதான் இது.

இதில் இருந்து நாம் பெறும் விதி இலகுவானது. பருமனான கல்லுக்கு ஒடுங்கிய முனை, சாதாரண மணலுக்கு 500 மில்லிலீற்றர் போத்தல், மிக மெல்லிய மணலுக்கு அதைவிட அகன்ற போத்தல் அல்லது குழாயைச் சற்று நசுக்கிப் பிடித்தல்.

தேவையான பொருட்கள்

1. மூடியுடன் கூடிய 500 மில்லிலீற்றர் சோடா போத்தல், நேரான பக்கங்கள் உள்ளது. குடிபானம் இருந்த போத்தலாக மட்டுமே இருக்க வேண்டும். சவர்க்காரத் திரவம், கிருமிநாசினி இருந்த போத்தல்களை எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்த வேண்டாம்.
2. மேசன்மார் மட்டம் பார்க்கப் பாவிக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், உள்விட்டம் 12 மில்லிமீற்றர். நீளம் ஒன்றேமுக்கால் முதல் இரண்டு மீற்றர்.
3. மரக்கறி, தோடம்பழம் கட்டி வரும் பெரிய கண் பிளாஸ்டிக் வலையில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு.
4. விரும்பினால், குழாயின் மறுமுனைக்கு ஒரு சிறு வால்வு.
5. கத்தி, மெல்லிய மண்தாள், துளையிடும் கருவி அல்லது சூடாக்கிய ஆணி.

செய்முறை

போத்தலின் அடிப்பாகத்தைச் சுற்றிலும் நேராக வெட்டி எடுங்கள். வெட்டு விளிம்பை மண்தாளால் தேய்த்து மழுக்க வேண்டும். கூரான விளிம்பு மீனின் செட்டையைக் கிழிக்கும், உங்கள் கையையும் வெட்டும்.

மூடியின் நடுவில் துளையிடுங்கள். துளை, குழாயின் வெளிவிட்டத்தை விட ஒரு மில்லிமீற்றர் அளவு சிறியதாக இருக்க வேண்டும். குழாயின் வெளிவிட்டம் 16 மில்லிமீற்றர் என்றால் துளை 15 மில்லிமீற்றர். குழாயின் முனையைச் சாய்வாக வெட்டி, சுடுதண்ணீரில் அரை நிமிடம் வைத்து, மென்மையானதும் மூடியின் வெளிப்பக்கத்தில் இருந்து உள்ளே செலுத்தி இழுத்து, பின்னர் சாய்வான துண்டை வெட்டி நீக்கிவிடுங்கள். ஆறியதும் இறுகிவிடும். ஒட்டும் பசை தேவையில்லை. போத்தலைச் சுடுதண்ணீரில் வைக்க வேண்டாம், அது சுருங்கிவிடும்.

எங்காவது காற்றுப் புகுந்தால் மட்டும் மீன் தொட்டிக்கென விற்கப்படும் சிலிகோனைப் பூசலாம். குளியலறைக்கு விற்கும் சிலிகோன் சிலவற்றில் பூஞ்சணம் பிடிக்காமல் இருப்பதற்கு நஞ்சு சேர்த்திருப்பார்கள். அவற்றைத் தவிர்க்கவும். பூசிய பின் வினாகிரி மணம் முற்றாகப் போகும் வரை, குறைந்தது ஒரு நாள், காய விட வேண்டும்.

வலைத் துண்டைப் போத்தலின் கழுத்தில் வைத்து அதன் மேல் மூடியைத் திருகி இறுக்குங்கள். சிறு மீன்கள் குழாய்க்குள் போகாமல் இது தடுக்கும். நுளம்பு வலை போன்ற சிறு கண் வலை உடனேயே அடைபட்டுவிடும். குஞ்சு மீன்கள் உள்ள தொட்டிக்கு இந்தக் கருவியைப் பாவிக்காமல், காற்றுப் பம்பிக்குப் பயன்படும் மெல்லிய குழாயையே பாவியுங்கள்.

பயன்படுத்தும் முறை

முதலில் பில்டர், ஹீட்டர் ஆகியவற்றின் மின்சாரத்தைத் துண்டியுங்கள். வாளியை நிலத்தில் வைத்துக் குழாயின் முனையை அதற்குள் விடுங்கள். போத்தலின் வாய் மேலே பார்க்கத் தொட்டிக்குள் அமிழ்த்தித் தண்ணீரை நிரப்பி நீர் மட்டத்திற்கு மேலே தூக்குங்கள். தண்ணீர் குழாய் வழியாக இறங்கத் தொடங்கும். போத்தல் முற்றாகக் காலியாவதற்கு முன்னர் அதை மீண்டும் தொட்டிக்குள் விட்டு நிரம்பியதும் கவிழ்த்து மணலில் வையுங்கள். ஓட்டம் தொடரும்.

வாயால் உறிஞ்சி ஆரம்பிக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தொட்டித் தண்ணீரில் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் கிருமிகள் இருக்கலாம். அதேபோன்று கையில் வெட்டுக் காயம் இருந்தால் அது ஆறும் வரை தொட்டிக்குள் கை விட வேண்டாம். மீன் தொட்டியில் வாழும் மைக்கோபக்டீரியம் மரினம் என்ற கிருமி காயத்தின் வழியாகப் புகுந்து மாதக்கணக்கில் ஆறாத தோல் புண்ணை ஏற்படுத்தக்கூடியது.

போத்தலை மணலுக்குள் ஓர் அங்குலம் இறக்குங்கள். மணல் உள்ளே எழுந்து சுழல்வதும், மஞ்சளும் கபிலமுமான தூசு பிரிந்து மேலே போவதும் தெரியும். மணல் போத்தலின் பாதிக்கு மேல் ஏறினால் குழாயை விரலால் நசுக்குங்கள்; மணல் விழுந்துவிடும். ஓரிடத்தில் மூன்று, நான்கு விநாடிகள் போதும். தூக்கி அடுத்த இடத்தில் வையுங்கள்.

100 லீற்றர் தொட்டியில் நிமிடத்திற்கு 9 லீற்றர் போனால் மூன்று நிமிடத்தில் கால்வாசித் தண்ணீர் போயிருக்கும். அதுவே ஒரு தடவைக்குரிய எல்லை. அந்த நேரத்திற்குள் மணலில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் சுத்தம் செய்து, அடுத்த பங்கை அடுத்த வாரத்திற்கு வையுங்கள். நல்ல பக்டீரியாக்களும் மணலில்தான் வாழ்கின்றன. ஒரே நாளில் முழு மணலையும் பில்டரையும் கழுவினால் அவற்றையும் இழந்து, சுத்தமான தொட்டியிலேயே மீன் சாவதைக் காண்பீர்கள். பில்டர் கழுவும் நாளும் மணல் உறிஞ்சும் நாளும் வெவ்வேறாக இருக்கட்டும்.

புதிதாக ஊற்றும் தண்ணீர் குழாய்த் தண்ணீராக இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்து, காற்றுவிட்டு, குளோரின் போன பின்னரே ஊற்ற வேண்டும். அவசரமென்றால் குளோரின் நீக்கும் மருந்தைப் பாவிக்கலாம். வெப்பநிலையும் தொட்டித் தண்ணீருக்குச் சமமாக இருக்க வேண்டும்.

மாதக்கணக்கில் கிளறப்படாத ஆழமான மணல் என்றால் முறை வேறு. மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிய பின்னரே அதில் கை வைக்க வேண்டும். மணலை ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் அளவுக்குக் குறைத்து விடுவது விற்பனைத் தொட்டிகளுக்கு எப்போதும் நல்லது.

தண்ணீர் இல்லாத நாட்களுக்கு

நீர் வெட்டு உள்ள நாட்களில் தண்ணீரை வெளியேற்றாமலேயே குப்பையை எடுப்பதற்கு இன்னொரு முறை உண்டு. ஓர் அங்குல பி.வி.சி. குழாயின் கீழ்ப் பகுதியில் சிறு துளையிட்டு, காற்றுப் பம்பியின் மெல்லிய குழாயை அதற்குள் பொருத்துங்கள். குழாயின் மேல் முனையில் ஒரு வளைவுத் துண்டை வைத்து, அதில் பழைய காலுறையைக் கட்டுங்கள். காற்றுக் குமிழிகள் மேலேறும்போது தண்ணீரையும் குப்பையையும் இழுத்துச் செல்லும். குப்பை துணியில் தங்க, தண்ணீர் தொட்டிக்கே திரும்பும். காற்றுப் பம்பி தொட்டியின் நீர் மட்டத்தை விட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் நின்றதும் தண்ணீர் பம்பிக்குள் இறங்கிவிடும். ஆனால் இம்முறை தண்ணீரில் ஏற்கனவே கரைந்துவிட்ட கழிவை அகற்றாது. ஆகவே தண்ணீர் மாற்றுவதற்கு இது பதிலாகாது.

கடைக்காரரின் கணக்கு

100 லீற்றர் தொட்டிகள் 20 உள்ள ஒரு கடையை எடுத்துக் கொள்வோம். மணல் நாறியதும் தொட்டியை முழுமையாக இறைத்துக் கழுவுபவர் ஒரு சுற்றுக்கு 2,000 லீற்றர், அதாவது நீர்க் கட்டணப் பட்டியலில் இரண்டு அலகு செலவழிக்கின்றார். கால்வாசி மட்டும் மாற்றுபவருக்கு 500 லீற்றர், அரை அலகுதான் போகும். நேரமும் அப்படியே. முழுத் தொட்டி ஒன்றைக் கழுவி மீண்டும் மீன் விட அரை நாள் போகும். உறிஞ்சியால் ஒரு தொட்டிக்குப் பத்து நிமிடம். வெளியேறும் தண்ணீரையும் வீசத் தேவையில்லை. நைத்திரேற்று உள்ள அந்தத் தண்ணீர் மரக்கறிச் செடிக்கும் பூஞ்செடிக்கும் நல்ல பசளை. மருந்தோ உப்போ போட்ட தொட்டியின் தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்ற வேண்டாம்.

ஆனால் இவை யாவற்றையும் விடப் பெரிய கணக்கு மீனின் கணக்கு. ஒரு மீனில் 25 வீத இலாபம் வைத்து விற்பவர், செத்துப்போகும் ஒவ்வொரு மீனின் கொள்விலையையும் மீட்பதற்கு நான்கு மீன்களை விற்க வேண்டும். நூறு மீனில் இருபது செத்தால் மீதி எண்பதின் இலாபமும் அதற்கே சரியாகிவிடும். கடை வாடகையும் மின்சாரக் கட்டணமும் கைப்பணத்தில் இருந்து போகும். "மீன் நிற்குதில்ல" என்று சொல்லிக் கடையை மூடுபவர்களின் கதை இதுதான்.

இதையே விற்றால்?

ஒரு தொட்டி விற்கும்போது கூடவே ஓர் உறிஞ்சியையும் கொடுக்க முடியுமானால் அந்த வாடிக்கையாளரின் மீன் பிழைக்கும். அவர் திரும்பவும் வருவார். விலைகள் கடைக்குக் கடை, மாதத்திற்கு மாதம் மாறுவதால் கணக்குப் போடும் முறையை ஓர் உதாரணத்தோடு மட்டும் சொல்கின்றேன்.

குழாய் மீற்றர் 200 ரூபா என்று வைத்துக் கொண்டால் ஒன்றேமுக்கால் மீற்றருக்கு 350 ரூபா. வால்வு 250 ரூபா. வலை 30 ரூபா. பையும் பாவனை முறை எழுதிய தாளும் 40 ரூபா. ஒன்றைச் செய்ய 20 நிமிடம். மணித்தியாலத்திற்கு 300 ரூபா கூலி என்றால் 100 ரூபா. மொத்தம் 770 ரூபா. வெட்டும்போது பழுதாகுபவைக்காக 5 வீதம் சேர்த்தால் ஏறத்தாழ 810 ரூபா. வால்வு இல்லாமல் செய்தால் 546 ரூபா. இதற்கு மேல்தான் உங்கள் இலாபம். தன்னுடைய கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விலை போடுவது எமது சிறு உற்பத்தியாளர்களிடம் காணப்படும் பெரிய குறை. இரவில் வீட்டில் இருந்து செய்தாலும் உழைப்பு உழைப்புத்தான். பிள்ளைகளைக் கொண்டு செய்வித்தால் அவர்களுக்கும் அதைக் கொடுங்கள்.

குழாயைச் சில்லறையாக வாங்காமல் முழுச் சுருளாக வாங்கினால் அடக்க விலை குறையும். ஆனால் பத்து விற்றுப் பார்த்த பின்னரே சுருள் வாங்குங்கள். வெளிநாட்டுப் பெயரையோ படத்தையோ ஒட்டி விற்க வேண்டாம். கையால் செய்தது என்று சொல்லியே விற்கலாம். ஒவ்வொன்றையும் தண்ணீரில் ஓட்டிப் பார்த்த பின்னரே பையில் இடுங்கள்.

ஈரத்தை மேலே வைப்பது

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்டதும், மழையில் நனைந்ததாக வியாபாரி கூறியதும், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கண்டித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள சம்பவம். கீழே அழுகிய மணலும் மேலே தெளிந்த தண்ணீருமாக உள்ள தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குவியல் நினைவுக்கு வரும். வாங்குபவர் கண்ணாடிக்கு வெளியே நிற்கின்றார். உள்ளே உள்ளது எமக்குத்தான் தெரியும். அத்தோடு, அடைத்து வைக்கப்பட்ட உயிர் பற்றியும் எமக்குக் கேள்வி உண்டு.

அந்தக் கிழக்கு மாகாணச் சகோதரர் செய்த ஒரு காரியத்தை இங்கு சொல்ல வேண்டும். மணலின் நிலையைக் கண்ட பின்னர், முறைப்பாட்டோடு வந்து வெறுங்கையோடு திரும்பிய வாடிக்கையாளர்களின் இலக்கங்களைத் தேடி எடுத்து, "தொட்டியில் பிழை இருந்தது, வந்து வேறு மீன் எடுத்துக்கொண்டு போங்க" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். கையில் பணம் இல்லாத நேரத்தில் அது அவருக்கு இலேசாக இருக்கவில்லை. வீட்டிலும் அதற்கு எதிர்ப்பு இருந்தது. மணலை ஓர் அங்குலமாகக் குறைத்து, கிழமைக்கொரு தடவை உறிஞ்சத் தொடங்கிய பின்னர் சாவு படிப்படியாகக் குறைந்தது. முற்றாக நின்றுவிடவில்லை. புதிதாக வரும் மீனை இரண்டு வாரம் தனியாக வைக்காதது, ஒரு தொட்டியில் அளவுக்கு மேல் போட்டது ஆகிய காரணங்களை அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகச் சரி செய்தார். இன்றும் கடை நடக்கின்றது. விசாக் கதை நின்றுவிட்டது. கடையின் முன்மேசையில் அவர் கையால் செய்த உறிஞ்சிகள் தொங்குகின்றன.

உங்கள் கடையில் தொட்டி இருந்தால் இன்று கடை மூடுவதற்கு முன்னர் மீன் குறைந்த தொட்டி ஒன்றைத் தெரிவு செய்து, மணலின் ஒரு மூலையில் மாத்திரம் ஒரு தடியை மெதுவாக இறக்கிப் பாருங்கள். வருவது தெளிந்த தண்ணீர் என்றால் அல்ஹம்துலில்லாஹ். கறுப்பாக வந்தால் உடனே தடியை எடுத்துவிட்டு ஒரு வெற்றுச் சோடா போத்தலைத் தேடுங்கள். அடுத்த வாரம் புதிய மீன்களைத் தனியாக வைத்துப் பராமரிக்கும் முறையையும் அதற்கான செலவையும் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.